தீ எங்கே பிடித்தது? வாசகர் கேள்வி-பதில்

வேலூர் வெயில் ஏறினால் எனக்கு வரும் கடிதங்களும் ஏறும். கையில் இருப்பவற்றில் சில.

வீட்டுப் பரணில் தீ. போட்டோ அனுப்பியிருக்கிறேன். காரணம் என்ன? (காட்பாடி)

ஒரே ஒரு போட்டோ, அதுவும் கழுவிவிட்ட தரை. எனக்கு சோசியம் தெரியாது. விசாரிக்க ஆள் வரும்வரை கூட்டாதீர்கள், கழுவாதீர்கள்.

ஜன்னல் கண்ணாடி பொடிப்பொடியாக விரிசல் விட்டிருக்கிறது. பெட்ரோல் ஊற்றினால்தான் அப்படி ஆகும் என்கிறார்களே? (வாணியம்பாடி)

தப்பு. தீயில் சூடேறிய கண்ணாடி மேல் தண்ணீர் பட்டால் அப்படி ஆகும். தீயணைப்பு வண்டி வந்ததுதானே? அப்புறம் என்ன.

தறிக்கூடம் எரிந்தது. அன்று இரவே மின்கசிவு என்று முடித்துவிட்டார்கள். உருகிய ஒயரும் கிடைத்தது. சரிதானே? (குடியாத்தம்)

காரணம் தெரியாத தீயையெல்லாம் மின்சாரத்தின் தலையில் கட்டுவது நம் ஊர் வழக்கம். அது மறுத்துப் பேசாது, பாருங்கள்.

செம்பு உருக சுமார் 1,080 டிகிரி வேண்டும். வெறும் தீயில் உருகிய கம்பி நீளத்துக்கு வழிந்து, ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்துக் கிடக்கும். கரண்ட் பொறியில் உருகியதென்றால் நுனியில் கடுகளவு உருண்டை இருக்கும். அதை ஒட்டிய கம்பி பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். சரி, உருண்டை கிடைத்துவிட்டது, கேஸ் முடிந்ததா? இல்லை. வேறெங்கோ பிடித்த தீ ஒயரின் மேல்தோலை எரித்து, கம்பிகள் தொட்டுக்கொண்டாலும் அதே உருண்டைதான் வரும். அப்போது ஒயரில் கரண்ட் இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும்.

முதலில் தீ பிடித்த இடம், பிறகுதான் காரணம். கீழே குறுகி மேலே விரியும் கரித்தடம் எந்தச் சுவரில்? உருண்டை கிடைத்தது அதன் அடியிலா, பத்தடி தள்ளியா? அங்கே நூல், பஞ்சு ஏதாவது இருந்ததா? பீடி, ஊதுவத்தி, பக்கத்து வெல்டிங் எல்லாம் விசாரித்தார்களா? மெயினை யார், எப்போது அணைத்தார்? இதெல்லாம் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிய மின்கசிவை நான் ஏற்கமாட்டேன். அதற்குள் சாம்பலை வேறு ஜேசிபி வைத்து வாரியிருப்பார்கள். கூட்டாதீர்கள் என்றால் யார் கேட்கிறார்கள்!

தரையில் திட்டுத்திட்டாகக் கருகல். யாராவது எண்ணெய் ஊற்றியிருப்பார்களா? (ஆரணி)

கருகலை வைத்து மட்டும் ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள். கூரையடிப் புகை 600 டிகிரியைத் தொட்டால் அறை முழுக்க ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். எதுவும் ஊற்றாமலே தரை அப்படிக் கருகும். சந்தேகமிருந்தால் தடய அறிவியல் ஆட்கள் வந்து சாம்பிள் எடுக்கட்டும். மூடி இறுக்கமான புது டின்னில்தான் எடுக்க வேண்டும். கேரி பையில் போட்டால் பெட்ரோல் ஆவி நழுவிவிடும். கருகாத இடத்திலிருந்தும் ஒரு துண்டு வேண்டும், ஒப்பிட.

வைக்கோல் போர் தானாக எரியுமா? (அணைக்கட்டு)

ஈரத்தோடு போட்ட போர் என்றால் எரியும். உள்ளே புழுங்கி, நாள்கணக்கில் சூடேறி, நடுவிலிருந்து கிளம்பும். உள்ளே கரியாகி மேலே மஞ்சளாக மிச்சம் இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம். மேலிருந்து எரிந்திருந்தால் பக்கத்தில் பீடி குடித்தவரைத் தேடுங்கள்.

சிலிண்டர் வெடித்துத்தானே தீ பிடித்திருக்கும்? (ஆம்பூர்)

தீயில் சூடேறியும் சிலிண்டர் வெடிக்கும். வெடித்தது முன்னாலா, பின்னாலா என்பதுதான் கேள்வி. ரெகுலேட்டர், டியூப், அடுப்புக் குமிழ் மூன்றையும் தொடாதீர்கள். தீயணைப்புக்காரர் எதையாவது திருகியிருந்தால் அதையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.