மறு: டெண்டரில் ஒப்புக்கு விலை போட்டோம், கமிஷனும் கொடுத்துவிட்டோம்

டர்பன் நண்பருக்கு: போட்டிக் கம்பெனி சொன்னபடி விலையை ஏற்றிப் போட்டதும், கொள்முதல் மேலாளருக்கு 1,50,000 ராண்ட் கொடுத்ததும் தனித்தனிக் குற்றங்கள். ஒரே மனுவில் தீராது.

விலை விஷயம், கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதை விசாரிக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்துக்குப் போகவேண்டும். முதலில் போய்ச் சொல்பவருக்குத்தான் அபராத விலக்கு. காகிதமெல்லாம் சேரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 'மார்க்கர்', அதாவது வரிசையில் முதல் இடத்தை ஒதுக்கிவைக்கும் சலுகை, கேட்டு இடம் பிடியுங்கள். பிந்தினால் ஆண்டு விற்றுமுதலில் 10% வரை அபராதம். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், கூட்டாளிகளிடம் மூச்சு விடாதீர்கள்.

அந்த விலக்கு லஞ்சத்தைக் காப்பாற்றாது. பலர் சறுக்குவது இங்கேதான். 1,00,000 ராண்டும் அதற்கு மேலும் என்றால், ஊழல் தடுப்புச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி கம்பெனி இயக்குநர் ஹாக்ஸிடம் (பெரிய ஊழல்களை விசாரிக்கும் போலீஸ் பிரிவு) தெரிவித்தே ஆகவேண்டும். வக்கீல் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒரு இடத்தில் முடித்தால் எல்லாம் தீராது என்பதற்கு உதாரணம்: கூசிலே அனல்மின் நிலைய ஒப்பந்த ஊழல் விவகாரத்தில் ஏபிபி என்ற பொறியியல் கம்பெனி, 2020இல் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு 156 கோடி ராண்ட் கொடுக்க ஒத்துக்கொண்டது. 2022இல் அரசு வழக்குத் தொடுப்பு ஆணையத்துடன் தனியாக இன்னும் 250 கோடி ராண்டுக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டது.