ஒரு வாரம் முன்பே கனமழையையும் வெள்ளத்தையும் நம்பகமாகக் கணிக்க முடியுமா? ரெட் அலர்ட் விட்டால் வெயில் அடிக்கிறதே?

2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றனவே, அதில் ஒன்று என்னுடையது. 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். அன்று எங்கள் தெருவில் விழுந்தது தூறல்தான். "என்ன மாப்ள, காரை எடுத்துட்டு வந்துட்டீங்களா, இல்ல பாலத்துலயே குடி போயிட்டீங்களா?" என்று மதுரையிலிருந்து மச்சான் போன் செய்தார். அதனால் உங்கள் எரிச்சல் எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அடுத்த முறையும் அங்கேதான் நிறுத்துவேன்.

அன்று நடந்தது இதுதான். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊருக்குக் கடலிலிருந்து ஈரக்காற்று வரும். தெற்கே இருக்கும் ஊருக்குத் தரைக்காற்று வரும். மையம் சென்னைக்குத் தெற்கே கரையேறினால் நாம் நனைவோம். சற்றே வடக்கே நகர்ந்தால் நமக்கு மேகமூட்டம் மட்டும்தான். அந்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி காலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் விலகல் வானிலைக் கணிப்பில் பெரிய பிழையே கிடையாது. நமக்கோ அது வெள்ளத்துக்கும் வெயிலுக்குமான வித்தியாசம்.

சரி, ஒரு வாரம் முன்பு என்னதான் சொல்ல முடியும்? "இந்த நாலைந்து நாளில் தமிழகக் கடலோரத்தில் பெரிய மழைக்கு வாய்ப்பு" என்பதை இப்போது ஓரளவு நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். எந்த ஊர், எத்தனை சென்டிமீட்டர் என்பதைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாடல் ஒரே கணிப்பைத் தொடக்க நிலையை லேசாக மாற்றி மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. அந்த 51 பாதைகளும் ஒட்டிப் போனால் நம்பலாம். ஒன்று நாகைக்கும் இன்னொன்று நெல்லூருக்கும் போனால், அவற்றில் பயங்கரமான ஒன்றை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவரை மியூட் செய்துவிடுங்கள்.

அறிவிப்பின் சொற்களையும் கவனிக்க வேண்டும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ.; மிக கனமழை 12 முதல் 20; அதற்கும் மேலே போனால் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்றால் மாவட்டம் முழுவதும் கொட்டும் என்று பொருளில்லை. ஒரு மூலையில் கொட்டினாலும் கணிப்பு சரிதான்.

புயலுக்குப் பெயர் வைத்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது பெயரில்லாத ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.!

இதுவரை சொன்னது மழை. வெள்ளம் வேறு கணக்கு. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் 51 செ.மீ. அதன் மிச்சம் உள்ளே போய், கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. தென்பெண்ணையாற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையில் விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. அங்கே தன் ஊர் மழைக் கணிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

2015 சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய நவம்பரிலேயே சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் பெய்து ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அதே மழை காய்ந்த ஏரிகளின் மேல் பெய்திருந்தால் அடையாறு இவ்வளவு ஆடியிருக்காது என்பது என் எண்ணம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது மழை மேப்பை அல்ல, ஏரி மட்டத்தை. அதிலும் நம் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். சைதாப்பேட்டைக்காரர் செம்பரம்பாக்கத்தைப் பார்க்கலாம். வேளச்சேரிக்காரனான எனக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ஒக்கியம் மடு என்ற கால்வாயும் முட்டுக்காடு முகத்துவாரமும்தான் கணக்கு. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் கொட்டினால் தண்ணீர் வெளியேற வழியின்றி அப்படியே நிற்கும்.

ஒரு வாரம் முன்பு நான் செய்வது ஒன்றே ஒன்று: வெளியூர்ப் பயணத்தை முடிவு செய்யாமல் வைப்பது. மூன்று நாள் இருக்கும்போது இன்வர்ட்டர், மருந்து, கேன் தண்ணீர். முந்தைய இரவு கார் மேலே போகும். அப்புறம் ரேடார்தான். அது அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சொல்வதை எந்த மாடலும் சொல்லாது.

இவ்வளவு ஜாக்கிரதை எங்கிருந்து வந்தது என்றால், மிக்ஜாம் புயலிலிருந்து. 2023 டிசம்பரில் "புயல் ஆந்திராவுக்குத்தான் போகுது" என்று காரை வீட்டு வாசலிலேயே விட்டிருந்தேன். போனது ஆந்திராவுக்குத்தான், பாபட்லா அருகே. போகிற வழியில் சென்னைக்கு நேராகக் கடலில் ஊர்ந்து ஊர்ந்து போனது. தண்ணீர் சீட் வரை ஏறியது. அந்த மெக்கானிக் பில்லைத்தான் மச்சானுக்குப் பதிலாக அனுப்பினேன்.