எந்தப் பாடத்திட்டம், எப்படிப்பட்ட வகுப்பறை? ஓர் ஆசிரியையின் பதில்கள்

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் தருகிறேன்.

மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடம் வேறுதானே, டீச்சர்?

இல்லைங்க. முன்பு மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு இருந்தன. 2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது. அந்த ஆண்டு 1, 6ஆம் வகுப்புகளுக்கு மட்டும். மற்ற வகுப்புகளுக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், ஆகஸ்டில் தீர்ப்பு வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகமே வந்தது. மெட்ரிக் என்ற பெயர் மட்டும் இன்னும் பலகையில் இருக்கிறது.

நீட் எழுத வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்பிலேயே சிபிஎஸ்இயில் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். நீட் கேள்விகள் 11, 12ஆம் வகுப்பு அறிவியலிலிருந்து வருபவை. ஆறு வயதுப் பிள்ளையை அதற்காக விரட்டாதீர்கள். அடிக்கடி மாநிலம் மாறும் வேலை என்றால் சிபிஎஸ்இ வசதி. இன்னொன்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அது படிப்பா?

படிப்புதான், ஐயா. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளி முறைதான் அதற்கு முன்மாதிரி. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படம் சுவரில் மாட்டியிருக்கும்; பிள்ளை அதைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தானே கண்டுபிடிக்கும். அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தன் குழுவில் போய் உட்காரும். எழுதிப் பார்க்க, கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். வழக்கமான வகுப்பில் அது நடக்காது. அட்டைகள் கிழிந்து, மாற்று வராமல், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்த்த இடங்களில் அது வெறும் சடங்காகிப்போனதும் உண்மை. குறை முறையில் இல்லை, ஆள் பற்றாக்குறையில்தான் என்பது என் கருத்து.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை 'அரும்பு' என்கிறார்கள். மக்குப் பிள்ளையா அவள்?

அப்படி நினைக்கவே கூடாது, அம்மா. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற படிநிலைகள் இன்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று காட்டுபவை. எழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தினால் இன்னும் பின்தங்குவாள். பேருந்துப் பலகை, அரிசி மூட்டை, எது கண்ணில் பட்டாலும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் அவள் முன்னால் யாரோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

சேர்க்கும் முன் பள்ளியில் எதைப் பார்ப்பது?

அங்கே படிக்கும் நாலைந்து பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில், வரி மாறாமல் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பிள்ளை சொந்தமாக எழுதி, பிழை திருத்தி, மறுபடி எழுதியிருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள், எந்த வாரியமானாலும் சரி.