கியருக்குச் செலவழிப்பதா, பிரேமுக்கா?

அன்புள்ள அண்ணா,

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய், கண்டிக்குப் போய் ஜப்பானில் பாவித்த ரோட் பைக் ஒன்றை வாங்கி வந்தேன். அலுமினியப் பிரேம், ஷிமானோவின் டியாக்ரா 9 கியர், முன்னால் 52-39 பல், பின்னால் 12-25 பல். அவசரத்துக்கு வாங்கியது இப்போது பைத்தியமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானுஓயா ஏறி நுவரெலியா வரை போய் வருகிறேன். ஏற்றத்தில் முழங்கால் வலிக்கிறது. மழை நாளில் இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியவில்லை. சீட்டை முன்னுக்குத் தள்ளி, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் குட்டையாகப் போட்டுவிட்டேன், அப்படியும் கழுத்து பிடித்துக்கொள்கிறது. டியாக்ராவைவிட உயர்ந்த, ஷிமானோ 105 என்ற கியர்-பிரேக் செட்டை முழுசாகப் போட்டால் புதுச் சைக்கிள் மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் கடையில். கையில் ஒன்றரை இலட்சம் இருக்கிறது. பழையதில் போடவா, இன்னும் சேர்த்து டிஸ்க் பிரேக்கோடு புதிது வாங்கவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

புதிது வாங்குங்கள். ஆனால் இப்போது வேண்டாம். கடைக்காரர் சொன்ன 105 எப்போதுமே வேண்டாம்.

முழங்காலையும் பிரேக்கையும் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. சீட் முன்னுக்குப் போயிருக்கிறது, ஸ்டெம் குட்டையாகியிருக்கிறது, கழுத்து இன்னும் வலிக்கிறது. அந்தப் பிரேம் உங்களுக்குப் பெரிது. கைக்கு எட்டாத ஹேண்டிலைக் கிட்டக் கொண்டுவர எது எதையோ மாற்றிப் பார்த்துவிட்டீர்கள். மாற்ற முடியாதது மேல் குழாயின் நீளம். அதற்கு எந்தக் கம்பனியும் செட் விற்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, காசு கொடுத்துப் படித்தேன். மலிவாகக் கிடைத்தது என்று 58 சென்ரிமீற்றர் அளவுப் பிரேம் ஒன்றை வாங்கினேன். எனக்கு 54 போதும். ஓடிப் பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. சரி, கியரையாவது நல்லதாகப் போடுவோம் என்று 11 கியர் கேசட் (பின்சக்கரத்துப் பல்லடுக்கு) ஒன்றை வாங்கி வந்து, மழைக்கு வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். பல்லுகள் எல்லாம் உள்ளே போயின. கடைசியில் இறுக்குகிற வளையத்துக்கு மட்டும் மரை பிடிக்கவில்லை. கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி, மறுபடி மாட்டினேன். இருட்டும் வரை அதே வேலை. கேசட் ஏறுகிற, பின்சக்கரத்து நடு உருளையான என் ஹப் 10 கியர்க் காலத்தது. 11 கியருக்கான ஹப் அதைவிட 1.8 மில்லிமீற்றர் நீளம். அந்த 1.8 மில்லிமீற்றருக்காகப் புதுப் பின்சக்கரம் வாங்கினேன். முன்சக்கரம் பொருந்தாமல் தெரிந்ததால் அதையும். பிறகு 11க்கு ஏற்ற கியர் லீவர், அதற்கு ஏற்ற டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுவது), செயின். விற்க விளம்பரம் போட்டபோது அழைத்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: பிரேம் எத்தனை? 58 என்றதும் வைத்துவிட்டார்கள். கடைசியில் சாமான்களைக் கழற்றித் தனித்தனியாக விற்றேன். பிரேம் இன்னமும் கோடிப்புறத்தில் தொங்குகிறது, அதில் பாகற்கொடி படர்ந்திருக்கிறது.

உங்கள் கதையும் அப்படியேதான் போகும். 9 கியர்ச் சக்கரத்தில் 11 கியர் 105 கேசட் பெரும்பாலும் ஏறாது. செட்டுக்கு மேலே சக்கரமும் வாங்க வேண்டிவரும். அவ்வளவு செலவழித்து என்ன வரும்? எடை அரைக் கிலோ குறையும் என்றே வைத்துக்கொள்வோம். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது 22 விநாடி. நானுஓயாவில் பிளேன்டி குடிக்க நிற்கும்போது சீனி கலக்கவே அதற்கு மேல் எடுக்கும்.

சரி, முழங்காலுக்கு வருவோம். தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. இடையில் உள்ள அத்தனையையும் முன்னால் 39, பின்னால் 25 பல் என்ற கியரில் ஏறுகிறீர்கள். பெடலை நிமிடத்துக்கு 60 தடவை சுற்றினால் அந்தக் கியரில் வேகம் மணிக்கு 12 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். செங்குத்தான இடத்தில் சாதாரண ஆளால் அந்த வேகத்தில் போக முடியாது. வேகம் விழும், சுற்றும் 40க்கு விழும், ஒவ்வொரு மிதியையும் முழங்கால்தான் தூக்க வேண்டும். அதே காலுக்கு, பின்சக்கரத்தில் 34 பல் இருந்தால், 60 சுற்றில் ஒன்பதுக்கும் குறைந்த வேகத்தில் நிதானமாக ஏறலாம்.

இதற்கு ஒன்றரை இலட்சம் வேண்டாம். 9 கியர், 11-34 கேசட் ஒன்று. 9 கியர் மலைச் சைக்கிளின் நீளக்கூண்டு டீரெய்லர் ஒன்று, ஷிமானோவின் அலிவியோ போதும். ஷிமானோவில் 9 கியர்க் காலத்து ரோட் லீவரும் மலைச் சைக்கிள் டீரெய்லரும் ஒரே அளவில்தான் கேபிளை இழுக்கும், அதனால் உங்கள் டியாக்ரா லீவர் அப்படியே இருக்கட்டும். 10 கியர் மலைச் சைக்கிளுடையதை மட்டும் மறந்தும் வாங்காதீர்கள், அதன் இழுப்பு வேறு. பல் பெரிதாவதால் செயினும் நீளமானதாகப் புதிதாக வேண்டும். முன்னால் 39ஐக் கழற்றிவிட்டு 34 போடலாமே என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். உங்கள் கிராங்கில் (பெடல் தண்டில்) பல்வட்டத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீற்றராக இருக்கும், அதில் 38க்குக் கீழே பல் ஏறாது.

பிரேக்குக்கு இன்னும் குறைந்த செலவு. நல்ல ரப்பர்க் கட்டை நாலு, உள்ளும் வெளியுமாகப் புதுக் கேபிள். ஆனால் முதலில் ரிம்மைப் பாருங்கள். மே தொடக்கம் செப்டம்பர் வரை நம் பக்கத்து மழையில் சேறும் மணலும் ரிம்மில் ஒட்டி, கட்டை பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அலுமினியத்தைத் தேய்க்கும். நீங்கள் ஆசிரியர், கையில் அடிமட்டம் இருக்கும். அதன் ஓரத்தை ரிம்மின் பக்கவாட்டில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நடுவில் பிறை மாதிரி இடைவெளி தெரிந்தால் அந்தச் சக்கரத்தில் இனி இறங்காதீர்கள். தேய்ந்த ரிம் காற்றின் அழுத்தத்திலேயே பிளக்கும். ரிம் நன்றாக இருந்தாலும், நனைந்த ரிம்மில் பிரேக் பிடித்ததும் முதல் சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும். வளைவுக்கு முன்னாலேயே இலேசாகப் பிடித்து ரிம்மைக் காயவைத்துக்கொள்ள வேண்டும். செங்குத்தாக இறங்கும் ரதல்லைக் குறுக்கு வீதிப் பக்கம் மழை நாளில் போகவே வேண்டாம்.

டிஸ்க் ஆசை நியாயமானதுதான். ஆனால் பழைய பிரேமில் அதை மாட்டப் பிடிமானமே கிடையாது, புதிதோடுதான் வரும். நானாக இருந்தால் கேபிளில் இயங்கும் டிஸ்க்கைப் பார்ப்பேன். எண்ணெயில் இயங்குவது நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் காற்றுப் புகுந்தால் அதைச் சரிசெய்யும் சாமானும் கையும் லிந்துலையில் கிடைக்காது, கண்டிக்கு பஸ் ஏற வேண்டும். கேபிள் அறுந்தால் தலவாக்கலையில் எந்தச் சைக்கிள் கடையிலும் ஒப்பேற்றிவிடலாம். முன்னால் 34, பின்னால் 34 பல், 28 மில்லிமீற்றருக்குக் குறையாத டயர் இருந்தால் போதும். எந்த வரிசைச் சாமான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே கேசட், டீரெய்லர், செயின், பிரேக் கட்டை, கேபிள். இவற்றை மாற்றிக்கொண்டு ஒரு வருடம் ஓடுங்கள், மீதிக் காசைத் தொடாதீர்கள். பிறகு பழையதை விற்பதும் சுலபம். 34 பல்லோடு மலை ஏறுகிற சைக்கிளை, உங்களைவிட அரை அடி உயரமான ஒருவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

புதிது பார்க்கப் போகும்போது ஓடுகிற சப்பாத்தோடு போங்கள். கடை வாசலில் ஏறி, பிரேக் லீவரின் தலையில் கை வைத்து, கால் மணி நேரமாவது ஓடிப் பாருங்கள். கை எட்டவில்லை என்று நீங்கள் சொல்லும்போது, "அது ஸ்டெம்மை மாற்றினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா