ஒரே லென்ஸ் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சென்னையில் வேலை, சொந்த ஊர் பள்ளத்தூர். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய்விடுவேன். அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது இருப்பது அப்பத்தாவும் துணைக்கு ஒரு அக்காவும்தான். பங்காளிகள் எல்லாரும் கூடுவது கல்யாணம் காட்சிக்கு மட்டும். வீட்டையும் அப்பத்தாவையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் போன வருடம் ஒரு பழைய கேமரா வாங்கினேன். கூடவே 18-200 ஜூம் லென்ஸும் வந்தது.

நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது டூர் போகிறவர்கள் வாங்குகிற லென்ஸ். எல்லாம் செய்யும், எதையும் ஒழுங்காகச் செய்யாது. விற்றுவிட்டு 50 மி.மீ. பிரைம், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ், ஒன்று வாங்கு, காலால் ஜூம் செய்து பழகு" என்கிறார்கள். நான் எடுத்ததில் 12 படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குள் எடுத்தவை கலங்கலாக இருக்கின்றன. வாசல் நிலை வளைந்து தெரிகிறது. அப்பத்தா முகம் அப்பத்தா மாதிரியே இல்லை. குறை லென்ஸிலா, என்னிடமா? விற்றுவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

விற்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் படங்களைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தக் குவியத்தூரத்தில் (லென்ஸ் வளையத்தில் இருக்கிற 18, 200 என்ற மி.மீ. எண்; சிறிய எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுக்கும்) எடுத்தது என்ற விவரமும் படத்தோடு பதிவாகியிருக்கும் அல்லவா, அதையும் பார்த்தேன். ஐந்து படம் 18இல், நான்கு படம் 200இல். நடுவில் எடுத்தவை மூன்றே மூன்று. வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, அது முட்டுகிற இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். ஜூம் வாங்கிய பலரும் ஆரம்பத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். இந்த மாதிரி லென்ஸ் மிகவும் திணறுகிற இடங்களும் அந்த இரண்டு கோடிகள்தான். நீங்கள் சொன்ன மூன்று குறையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

அப்பத்தா படத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு முக்கியம் அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இரண்டு படம் இருக்கிறது. ஒன்று 18இல் எடுத்தது. அவர் கொட்டான் (ஓலைக் கூடை) முடைந்துகொண்டிருக்கிறார், நீங்கள் எதிரில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து எடுத்திருக்கிறீர்கள். மூக்கும் கையும் பெரிதாகி, காது பின்னால் போய்விட்டது. இன்னொன்று 200இல், வளவின் (வீட்டு நடு முற்றம்) அந்தப் பக்கத்திலிருந்து. அதில் முகம் தட்டையாகிவிட்டது. பின்னால் நாலடி தள்ளி இருக்கிற தூண் அவர் தலையோடு ஒட்டிக்கொண்டது.

பார்த்தால் இரண்டும் லென்ஸ் செய்த வேலை போலத் தோன்றும். அப்படியில்லை, நீங்கள் நின்ற தூரம் செய்த வேலை. இதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு வளவைவிட நல்ல இடம் கிடையாது. வரிசையாகத் தூண்கள் இருக்கின்றன. உங்களுக்கு 2 மீட்டரில் முதல் தூண், 4 மீட்டரில் அடுத்த தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இரண்டாவது தூண் முதல் தூணில் பாதி உயரம்தான் தெரியும். வரிசை எங்கோ ஓடிப்போவது போல இருக்கும். இப்போது அப்படியே 10 மீட்டர் பின்னால் போங்கள். முதல் தூண் 12 மீட்டரில், அடுத்தது 14 மீட்டரில். இரண்டாவது தூண் முதல் தூணின் உயரத்தில் ஏழில் ஆறு பங்கு தெரியும். இரண்டும் அடுத்தடுத்து நெருங்கி நிற்பது போல இருக்கும். எந்த லென்ஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜூம் வளையம் செய்வதெல்லாம், அந்த இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவு படத்துக்குள் வர வேண்டும் என்று வெட்டிக் கொடுப்பதுதான்.

அதனால்தான் "காலால் ஜூம் செய்" என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. காலால் நடந்தால் படமே வேறாகிவிடும். நடப்பதும் வளையத்தைத் திருப்புவதும் இரண்டு தனித்தனி வேலைகள், இரண்டும் வேண்டும். முதலில் நிற்கிற இடத்தை முடிவு செய்யுங்கள். தூண்கள் விலகி ஓட வேண்டுமா, நெருங்கி நிற்க வேண்டுமா? முகம் எந்தத் தூரத்தில் உங்களுக்குப் பழகிய முகமாக இருக்கிறது? அங்கே போய் நின்றுகொண்டு, அதன் பிறகு வளையத்தைத் தொடுங்கள். நாம் ஒருவரோடு உட்கார்ந்து பேசுகிற தூரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர். முகம் மனதில் பதிவதும் அந்தத் தூரத்தில்தான். அப்பத்தாவுக்கு இரண்டு மீட்டரில் உட்கார்ந்து 50 வாக்கில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

வாசல் நிலைக்கு வருவோம். உங்கள் நிலை பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி செதுக்கியது, அழகான வேலைப்பாடு. அதை 18இல் எடுத்ததால் இரண்டு பக்கக் கட்டையும் பீப்பாய் மாதிரி வெளியே வளைந்திருக்கிறது. இத்தனை வீச்சுள்ள ஜூம்கள் பெரும்பாலும் அகலமான கோடியில் இப்படித்தான் வளைக்கும், அங்கிருந்து மேலே போனால் லேசாக உள்பக்கம் வளைக்கும். தெருவில் பத்தடி பின்னால் வந்து 28 அல்லது 35 வையுங்கள், வளைவு பெருமளவு குறைந்துவிடும். மிச்சத்தைச் சரிசெய்ய கேமராவிலேயே லென்ஸ் திருத்தம் என்று ஒரு வசதி இருக்கும், கணினி மென்பொருளிலும் உண்டு. ஆனால் மேலே போகப் போக நிலை குறுகிக்கொண்டே போகிறதே, அது வேறு விஷயம். கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்தது. அதை லென்ஸ் தலையில் போட முடியாது. பின்னால் போய்க் கேமராவை நேராகப் பிடித்தால் போதும்.

மேலே இருக்கிற கஜலட்சுமியைத் தனியாக எடுக்க 200 மி.மீ. முனை கைகொடுக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பார்க்க வேண்டியதில் பாதி தலைக்கு மேலேதான் இருக்கிறது. முகப்பு மதிலில் சுதை பொம்மைகள், தூண் போதிகை, உத்தரத்துச் செதுக்கல். இவற்றுக்கு ஏணி போட முடியாது. கானாடுகாத்தானில் ஒரு தெருவை ஒரு காலை நேரம் முழுக்க 100க்கு மேலேயே வைத்துக்கொண்டு சுற்றுங்கள், கண்ணால் பார்த்துப் பழகிய ஊரே வேறு ஊராகத் தெரியும்.

இனி இருட்டு. இதில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உங்கள் லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும், 200இல் எஃப் 5.6தான் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது). எஃப் 1.8 திறக்கிற பிரைம் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பத்து மடங்கு சின்ன விஷயமில்லை. வளவில் வானம் பார்த்த வெளிச்சம் இருக்கிறது, இரண்டாம் கட்டுக்குப் போனால் பகலிலேயே மங்கல்தான். அங்கே நீங்கள் 200 வைத்து, ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்கில் விட்டு எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கேமராவின் சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதிகிற தகடு) சிறியது, குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 200 என்பது 300 ஆகிறது. கை ஆடாமல் எடுக்க முந்நூறில் ஒரு பங்கு வேண்டும் என்பது பழைய கணக்கு. லென்ஸில் இருக்கிற நடுக்கத் தடுப்பு இதில் கொஞ்சம் தாங்கும், ஆனால் அது தாங்குவது உங்கள் கை நடுக்கத்தை மட்டும். ஓலை முடைகிற அப்பத்தா விரலின் அசைவை அது எப்படி நிறுத்தும்?

ஆகவே இருட்டான இடத்தில் 200ஐ மறந்துவிடுங்கள். கிட்டப் போய் 24, 35 என்று வையுங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் மணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கலங்கலைவிட மேல். இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. அப்பத்தாவை வளவு ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயில் தரையில் விழுந்து, தாழ்வாரத்துக்குள் ஏறித் தெறிக்கிற நேரம். வெயிலில் உட்கார வேண்டாம், வெயில் விழும் இடத்துக்கு மூன்றடி உள்ளே. ஆத்தங்குடிக் கல் (பூவேலை போட்ட சிமெண்டுத் தரை ஓடு) பதித்த தரையாக இருந்தால் முகத்தில் கீழிருந்தும் மெல்லிய வெளிச்சம் ஏறும். அந்த வெளிச்சத்துக்கு 5.6 தாராளம்.

50 மி.மீ. வாங்கு என்ற யோசனை பற்றி. அந்த எண்ணுக்குப் பெருமை வந்தது 35 மி.மீ. அகல ஃபிலிம் போட்ட கேமரா காலத்தில். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸிலேயே வேலை செய்தவர். ஆனால் உங்கள் கேமராவில் 50 போட்டால் 75 மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் வீட்டு அடுப்படியில் அதை வைத்துக்கொண்டு எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டிவிடும், அப்புறமும் பாதி அடுப்படிதான் வரும். பணம் சேர்ந்தால், இந்த லென்ஸை வைத்துக்கொண்டே கூடுதலாக 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்குங்கள், இருட்டுக்கு மட்டும். அவசரமில்லை.

ஜூம் என்றாலே இளக்காரம் என்பதும் பழைய கதை. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் வந்தது 1959இல், ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் ஜூமார், 36-82. உங்களுடையது போல நீண்ட வீச்சுள்ள டாம்ரான் 28-200 வந்தது 1992இல். கூர்மையில் ஜூம்கள் பிரைமுக்கு வெகுதூரம் பின்தங்கியிருந்த காலத்தில் பிறந்த பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் லென்ஸை எஃப் 8இல் வைத்து, 24க்கும் 100க்கும் இடையில் எடுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினாலும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

நானும் இந்த மாதிரி லென்ஸ்தான் வைத்திருக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன். முன்பு நானும் இரண்டு மூன்று லென்ஸ் தூக்கிக்கொண்டு அலைந்தவன். ஒரு தை மாதம் சிறாவயல் மஞ்சுவிரட்டு. பொட்டலில் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள், புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்தது. தூரத்தில் ஒரு காளை தனியாக நின்று தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. நீள லென்ஸ் மாட்டலாம் என்று அங்கேயே குனிந்து மாற்றினேன். நிமிர்ந்தபோது காளை இல்லை. அன்று சாயங்காலம் பார்த்தால், வானம் வந்த படம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள். சென்சாரில் புழுதி இறங்கிவிட்டது. அன்றைக்கு எடுத்ததில் அதற்குப் பிந்தைய படங்கள் முழுக்கப் புள்ளிதான். அந்தக் காளை தலை குனிந்து நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது, படம் மட்டும் இல்லை.

அப்புறம் ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிற கொட்டகை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறைக்குள்ளும் விடுவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு அச்சை அப்படியே நேராக மேலே தூக்கிவிடுவார்கள். அந்த ஒரு கணம், அறைகளைப் பிரித்த கோடுகள் மறைந்து நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல், ஈரமாக மினுங்கும். அடுத்து உலர் கலவை மேலே விழுந்து எல்லாம் மூடிப்போகும். அச்சைத் தூக்குகிற கையை 70இல் எடுத்துவிட்டு, வளையத்திலிருந்து என் கையை எடுக்காமல் 18க்குத் திருப்பினால் கொட்டகை முழுவதும், தண்ணீர்த் தொட்டியும் அடுக்கிய கற்களும் அந்த மனிதரும் ஒரே படத்தில். நடுவில் லென்ஸ் மாற்ற இடமே கிடையாது. அவரை நிறுத்தி, "இன்னொரு தடவை தூக்குங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு அது கூலி வேலை.

ஒரு சின்ன எச்சரிக்கை. கிட்டத்தில் இருப்பதை 200இல் எடுக்கும்போது இந்த லென்ஸ்கள் 200 அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டாது, அவற்றின் அமைப்பே அப்படி. கொட்டான் பின்னலை நெருக்கமாக எடுக்க முயன்ற படம் சரியாக வரவில்லையே, காரணம் இதுதான். அதற்கு லென்ஸின் முன்னால் திருகிக்கொள்கிற குளோஸப் கண்ணாடி கிடைக்கும், விலை குறைவு.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். வளையத்தை 35இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். முதல் நாள் முழுக்க அதை எடுக்கக் கூடாது. நடந்து நடந்து, எந்தப் படத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று உடம்புக்கே தெரிய ஆரம்பிக்கும். மறுநாள் டேப்பை எடுத்துவிட்டு அப்பத்தாவை வளவு ஓரத்தில் உட்கார வைத்து எடுங்கள். படம் பிடிக்க என்று உட்கார்ந்தால் முகம் இறுகிவிடும், ஓலையும் கத்தியும் கையில் இருக்கட்டும். ஒரு படத்தைக் காரைக்குடியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். தன்னைப் போல இருக்கிறதா என்று அவரே சொல்லட்டும். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.