இரும்பு எப்போது படிகமாகிறது?

அன்புள்ள ஐயா,

பல ஆண்டு ஓடிய வண்டியின் அச்சுத்தண்டு முறிந்துவிட்டது. முறிந்த இடத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் மறுபகுதி மணிமணியாக மின்னியும் இருந்தது. அதிர்ந்து அதிர்ந்து இரும்பு படிகமாகிவிட்டது என்றார் மெக்கானிக். அப்படி மாறுமா? படிகமென்றால் ஸ்படிகக் கல்லைப்போல முகங்கள் இருக்க வேண்டாமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெக்கானிக் கண்டது சரி, சொன்ன காரணம்தான் தவறு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிந்தபோது பொறியாளர்கள் பலரும் இதையே நம்பினார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கி நின்றாலே படிகம்; அப்படிப் பார்த்தால் இரும்பு உறைந்த கணத்திலேயே படிகம்தான்.

தூய இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இறங்கியதும் உறைந்துவிடும் என்று நினைப்போம். அவ்வளவு எளிதல்ல. சில அணுக்கள் கூடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டாலும், கூட்டம் சிறிதாக இருக்கும்வரை கரைந்து போய்விடும். பற்றிக்கொள்ள ஒரு தூசியோ வார்ப்பு அச்சின் சுவரோ வேண்டும். அவை இல்லாத மிகச் சிறிய இரும்புத் துளிகள் ஏறத்தாழ 300 டிகிரி கீழே போயும் திரவமாகவே நின்றதை 1950இல் அமெரிக்க விஞ்ஞானி டர்ன்புல் காட்டினார்.

கரு எனப்படும் அந்த அணுக்கூட்டம் நிலைத்துவிட்டால் வளர்ச்சி வேகமெடுக்கும். உறையும்போது வெப்பம் வெளிப்படும். அது விலகினால்தான் அடுத்த அடுக்கு சேரும். சற்றே முன்துருத்திய முனையைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் அதிகம் என்பதால் அது முந்துகிறது. அதன் பக்கவாட்டில் கிளை, கிளையில் கிளை. பனித்துகளில் ஆறு திசை. இரும்பில் கிளைகள் செங்குத்தாகப் பிரியும். இப்படிக் கிளைவிட்ட படிகத்துக்கு டெண்ட்ரைட் என்று பெயர்; அந்தப் பெயருக்கே மரம் என்றுதான் வேர்ப்பொருள். ரஷ்ய உலோகவியலாளர் செர்னோவிடம் 39 செ.மீ. நீளமான அப்படியொரு எஃகு மரம் இருந்தது. பெரிய வார்ப்புக் கட்டியொன்றின் உள்ளே உறைந்து சுருங்கியதில் உண்டான பொந்தில் நெருக்க ஆளில்லாமல் வளர்ந்தது அது.

மற்ற இடங்களில் நெருக்கடிதான். ஆயிரமாயிரம் மரங்கள் ஒரே சமயத்தில் வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. முட்டிய இடமே எல்லை. முகம் விரிய இடமேது? துத்தநாகம் பூசிய வாளியைச் சாய்த்துப் பாருங்கள்: திட்டுத்திட்டாக, ஒன்று மினுங்கும்போது அடுத்தது மங்கும் பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு படிகம். பலர் கைபட்டுத் தேய்ந்த பித்தளைக் கைப்பிடியிலும் வியர்வை அரித்து இதே ஓவியம் தெரிவதுண்டு. எனக்கு வாளியைவிட அதுவே பிடிக்கும்.

உங்கள் அச்சுத்தண்டை அடித்து உருவாக்கியபோது பழைய படிகங்கள் சிதைந்து புதியவை பிறந்திருக்கும், அவ்வளவே. வழவழப்பான பகுதி, விரிசல் சிறுகச் சிறுக ஊர்ந்து வந்த வழி. அதன் இரு முகங்களும் உரசி உரசி மழுங்கிவிட்டன. மினுமினுப்பது, மிச்சம் தாங்காமல் ஒரே நொடியில் பிளந்த இடம்.