சாட்டிலைட்டைக் கேட்டு மணி சொல்லும் பெட்டி: சில கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எனக்கு மின்கருவி வேலை. ஒரு நாள் குலை ஏற்றி வந்த லோரியை எடைக் கணினி 7:12 என்று எழுதியது. வாசல் கேமரா அதே லோரியை 7:19-க்குக் காட்டியது. அந்தச் சண்டையைத் தீர்க்க, சாட்டிலைட்டிலிருந்து நேரம் வாங்கும் ஜிபிஎஸ் ரிசீவரை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் வைத்து ஒரு நேர சர்வர் செய்தேன், அதாவது மற்ற கணினிகளுக்கெல்லாம் மணி சொல்லும் பெட்டி. அதைப் பார்த்தவர்கள் கேட்டவை இவை.

இன்டர்நெட்டில் நேரம் சும்மா கிடைக்கிறதே அண்ணே, இது எதற்கு? (தோட்ட ஆபீஸ் தம்பி)

லைன் ஒழுங்காக இருந்தால் வேண்டியதே இல்லை தம்பி. எங்களுக்கு ஒரு மழைக்கு லைன் போனால் இரண்டு நாள் வராது. ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரிக் கடிகாரமும் கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும்.

மலிவான யுஎஸ்பி ரிசீவர் போதாதா? (கேமரா மாட்டும் நண்பர்)

கேமராவுக்கு மட்டும் என்றால் போதும். துல்லியம் வேண்டுமென்றால் போதாது. ரிசீவர் இரண்டு விதமாக நேரம் சொல்கிறது. ஒன்று, தேதியும் மணியும் எழுதிய ஒரு வரி. மற்றது, வினாடி பிறக்கும்போது தனி வயரில் வரும் துடிப்பு, பிபிஎஸ் என்பார்கள். ஆலைச் சங்கு ஊதுகிறது, பிறகு மண்டோர் "மணி ஆறு" என்று கத்துகிறார் என்று வையுங்கள். ஆறு மணி பிறந்தது சங்கில்தான். மண்டோர் கொஞ்சம் பிந்துவார், அதுவும் தினம் ஒரே அளவாக அல்ல. அந்த வரிதான் மண்டோர். கால் வினாடி, அரை வினாடி கூடப் பிந்தும். துடிப்பு மைக்ரோ வினாடிக்குள் நிற்கும்.

மலிவு யுஎஸ்பி ரிசீவர்களில் பெரும்பாலும் அந்த வயர் வெளியே வராது. பிபிஎஸ் பின் உள்ள சின்னப் பலகையாகப் பார்த்து வாங்கி, ராஸ்பெர்ரி பையில் ஜிபிஐஓ 18 என்ற பின்னில் கொடுங்கள். அப்புறம் கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற மென்பொருளுக்கு இரண்டையும் காட்டுங்கள்: எந்த வினாடி என்பதற்கு வரி, எப்போது பிறந்தது என்பதற்குத் துடிப்பு. வரி எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து எழுதிவிடுங்கள். அரை வினாடியைத் தாண்டினால் குரோனி பக்கத்து வினாடியைப் பிடித்துக்கொள்ளலாம். நான் அப்படி ஒரு வாரம் ஒரு வினாடி பிசகி ஓட்டியிருக்கிறேன், பெருமையாக.

எங்கள் பெட்டி முதலில் 18 வினாடி முந்தியது, பிறகு தானே சரியானது. ஏன் அண்ணா? (பாலிடெக்னிக் மாணவி)

ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் இடையிடையே ஒரு வினாடி கூட்டுவார்கள், லீப் வினாடி என்று பெயர். அதை ஜிபிஎஸ் நேரம் கண்டுகொள்வதில்லை. 2017 முதல் வித்தியாசம் 18. அந்த எண்ணையும் சாட்டிலைட்தான் அனுப்புகிறது, ஆனால் முழுச் செய்தி வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். புது ரிசீவரைக் கால் மணி நேரம் நம்பாதேம்மா.

மழையில் டிவி தட்டு மாதிரி இதுவும் நின்றுவிடுமா? (கோயில் கமிட்டி அண்ணன்)

நிற்காது. டிவி 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதை மழை தொடாது. தகரக் கூரைதான் மறைக்கும், ஆன்டெனாவை வெளியே வையுங்கள். பயப்பட வேண்டியது இடிக்கு. கூரை உச்சியில் வைக்காதீர்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் இடிதாங்கிக் கருவி போட்டு எர்த் கொடுங்கள். கேபிள் நீளத்தால் மீட்டருக்கு 5 நானோ வினாடிதான் தாமதம், மறந்துவிடுங்கள்.

1982-இல் கடிகாரத்தை அரை மணி தள்ளினோமே, மறுபடி மாற்றினால் பெட்டி குழம்பாதா தம்பி? (ஓய்வு பெற்ற பெரிய கிராணி)

குழம்பாது ஐயா. பெட்டிக்கு மலேசியாவே தெரியாது. யூடிசி எனும் உலக நேரத்தை மட்டும் சொல்லும். எட்டு மணி கூட்டுவது அந்தந்தக் கணினியின் வேலை, மாற்றமும் அங்கேதான். பழைய கணக்கைக் கணினியில் ஏற்றும்போது மட்டும் கவனியுங்கள்: 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்கு அடுத்தது நேராக 12:00. நடுவில் அரை மணி இல்லவே இல்லை. அன்று இரவு வேலை பார்த்தவர்களுக்கு அதற்கும் சம்பளம் போட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.